கல்லுக்குக் காவல் வைத்த கதை

காலை பத்து நாற்பதுக்கு, ஏழு வயது மகளை ஒரு கல்லுக்குக் காவல் வைத்துவிட்டு நான் டெலிபோன் தேடிப் போனேன்.

இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது. 'கல்' என்பதற்குப் பதிலாக 'கோடிக்கணக்கான வருஷம் பழமையான தாவரப் படிவம்' என்று போட்டுப் பார்த்தேன். 'காவல் வைத்து' என்பதை 'சற்று நேரம் இருக்கச் சொல்லி' என்று மாற்றிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் பெற்றவள் செய்கிற காரியமாக அது தெரியவில்லை.

அந்த மகள் உமாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். போன வாரம் அவள் வரவேண்டிய ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். நான் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று, இறங்கி வந்த அத்தனை பெண்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். (இரண்டு பேர் முறைத்தார்கள்.) கடைசியில் உமா வந்து, "ஏம்மா இங்க நிக்கற? நான் ரயில்லதானே போனேன், டிராக்டர்லயா போனேன்?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஃபாசில் பைத்தியம், அதாவது புதைபடிவக் கல் தேடி அலைகிற பைத்தியம். அலுவலகத்தில் நான் தட்டச்சர். பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம் தவளையோடு முடிந்துபோனது. ஒரு கண்காட்சியில், கல்லில் பதிந்திருந்த இலை ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. மனிதனே இல்லாத உலகத்தில் உதிர்ந்த இலை இவ்வளவு பத்திரமாக இருக்கும்போது, நான் போன மாசம் வைத்த ரேஷன் கார்டு ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். பைத்தியம் அங்கே பிடித்தது.

எங்கள் கோஷ்டியில் மூன்றே பேர். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ஓவிய ஆசிரியராக இருந்த ஸ்டீபன் சார். ஐம்பது வயது, தனிக்கட்டை, கோபமே வராதவர். திருநீர்மலையிலிருந்து திருமுடிவாக்கத்துக்கு ஃபிட்டர் வேலைக்குப் போய்வந்த வரதன். அப்புறம் நான். பெரும்புதூர், ஒரகடம் பக்கம் கிணறு வெட்டினால் முப்பதடிக்குக் கீழே வெளுத்த சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு களிக்கல் வரும். அதைப் பிளந்தால் உள்ளே சீப்பு மாதிரி பல் வைத்த இலைகள் பதிந்திருக்கும். எங்கே கிணறு வெட்டுகிறார்கள் என்று வரதன் தொழிற்சாலையில் விசாரித்து வருவான். ஊர்க்காரர்கள் தண்ணீர் வருகிறதா என்று கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் வெளியே கொட்டிய மண்ணைக் கிளறிக்கொண்டிருப்போம்.

கிடைத்ததெல்லாம் துண்டு துண்டுதான். அதனாலேயே எங்களிடம் ஆசைப் பட்டியல் என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் மூன்று பேரும் தங்கள் கனவை எழுதிக் கொடுப்பார்கள். நான் கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டச்சு செய்வேன். யார் எங்கே போனாலும் மற்ற இருவரின் கனவும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பதற்காக. (என் பிரதி எப்போதும் கடைசிக் கார்பன். என் கனவே எனக்கு மங்கலாகத்தான் தெரியும்.)

வரதனின் பட்டியலில் ஒரே ஒரு பொருள், அதற்கு நான்கு வரி நிபந்தனை: சுருள் சங்குக் கல், அவன் அம்மா பூஜையில் வைத்திருக்கும் சாளக்கிராமம் மாதிரி, உள்ளங்கை அளவு, ஓரிடத்திலும் உடைந்திருக்கக் கூடாது. நான் மூன்று பொருள் கேட்டிருந்தேன். ஒன்று, தலையிலிருந்து வால்வரை முழு மீன். இரண்டு, பூச்சியின் இறக்கை. மூன்று, ஏதாவது ஒரு பல். யாருடைய பல்லாக இருந்தாலும் சம்மதம். என் கணவர் இதைப் படித்துவிட்டு, "மீன்தானே? ஞாயித்துக்கிழமை நானே வாங்கிட்டு வர்றேன், எதுக்குக் கிணறு கிணறா அலையற?" என்று கேட்டார்.

ஸ்டீபன் சாரின் பட்டியலில் முதல் வரி ஒன்பது வருஷமாக மாறவே இல்லை: 'நுனியும் காம்பும் உடையாத ஓர் இலை.'

எங்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. அடுத்தவர் பட்டியலில் உள்ளது கண்ணில் பட்டால் தொடக்கூடாது. கனவு கண்டவர் வந்து தன் கையால்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாராவது ஒருவர் கல்லை விட்டு நகராமல் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் வரதன். ஒருமுறை ஸ்டீபன் சாருக்காக நுனியுள்ள இலை ஒன்றை ஆர்வமாகப் பெயர்த்தான்; அது கையிலேயே பொடிப்பொடியாகிவிட்டது. சார், "பரவால்ல வரதா" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரமே வரதன் சட்டம் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. ஒரகடத்துக்கு அப்பால் கிணறு வெட்டுகிறார்கள் என்று வரதன் சொல்லியிருந்தான். அவனுக்கு அன்று ஷிப்ட். ஸ்டீபன் சாருக்குப் பள்ளியில் ஏதோ வேலை. நான் உமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பல்லாவரத்தில் தோல் கம்பெனிக்குப் போகும் கணவரிடம், குழந்தைக்கு ஸ்கூல் ஷூ வாங்கத் தாம்பரம் போவதாகச் சொல்லியிருந்தேன். அவருக்கு அரை நாள். இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தோம். மண்மேட்டில் கால் வைத்த கால் மணி நேரத்தில் கண்ணில் பட்டது. வெள்ளைக் களிக்கல் ஒன்று தானாகவே பிளந்திருந்தது. மேலே, என் முழங்கை நீளத்துக்கு, காம்பிலிருந்து நுனிவரை ஒரு இலை. நுனி லேசாக வளைந்திருந்தது. ஒரு பல்கூட விழவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். உமா, "அம்மா, இது ஸ்டீபன் சாரோடதா?" என்று ரகசியமாகக் கேட்டாள். எங்கள் பட்டியல்கள் அவளுக்கு மனப்பாடம்.

இங்கே ஒரு நல்ல தாய் என்ன செய்வாள்? அந்தக் கேள்வியே அன்று எனக்குத் தோன்றவில்லை. என் மண்டைக்குள் ஓடியது வேறு. கல் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். ஈரச்சாக்கு போட வேண்டும். ஸ்டீபன் சாருக்குச் சொல்ல வேண்டும். ஃபோன் படப்பையில்தான் கிடைக்கும். கல்லோடு ஒருவர் இருக்க வேண்டும். இருப்பது இரண்டு பேர். ஃபோன் செய்யத் தெரிந்தவள் நான். கொண்டுவந்த சாக்கை நனைத்துக் கல்லின்மேல் போட்டு, காய்ந்தால் வெடித்துவிடும் என்று உமாவிடமும் சொல்லி, என் குடையை விரித்து வைத்தேன்.

"நீ இங்கயே குடைக்குள்ள உக்காந்துக்கோ. கல்லைத் தொடக்கூடாது. கல்லை விட்டு எங்கயும் போகக்கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது."

"கல்லு போயிட்டா?"

"கல்லு எப்படிடி போகும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

உமா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். மண் சுமந்துகொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண்ணிடம், "கொஞ்சம் பாத்துக்குங்க, இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்றேன். அவர் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், பஸ்ஸே வராத ரோட்டில் இருபது நிமிஷம் என்று சொன்னதற்காகத்தான் சிரித்திருக்க வேண்டும்.

படப்பைக்குப் போகவே முக்கால் மணி ஆயிற்று. ஒரு மருந்துக் கடையில் கெஞ்சி ஃபோன் செய்தேன். ஸ்டீபன் சாருக்கு ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாளின் நம்பர்தான்.

"சார் இல்லீங்களே, ஸ்கூலுக்குப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"ராஜேஸ்வரி பேசறேங்க. அவர் வந்ததும் சொல்லணும். இலை கிடைச்சுடுச்சு, ஒரகடத்துல."

"இலைக்கா ஒரகடம் போனீங்க? தாம்பரம் மார்க்கெட்ல, சண்முகம் ரோட்டுல கட்டுக்கட்டா விக்குதே! வீட்டுல என்ன விசேஷம்?"

விசேஷம் இல்லை, இது கல்லில் இருக்கும் இலை என்று விளக்கினேன். அந்த அம்மாள், "ஐயோ பாவம்" என்றார். யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ் வர ஒரு மணி நேரம். நான் அந்த நேரம் முழுக்க ஸ்டீபன் சாரின் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். ஒரு டீ குடித்தேன். (அந்த டீயை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.)

ஒரு மைல் நடந்து கிணற்றுக்கு வந்தபோது ஒரு மணி ஆகப் போகிறது.

மண்மேடு இல்லை. கன்னியம்மா இல்லை. யாருமே இல்லை. குடை இல்லை. குடை இருந்த இடத்தில் வெறும் தரை, டிராக்டர் டயர் தடம்.

 கால் தானாகக் கிணற்றுப் பக்கம் போனது. நடந்து போனேனா, தவழ்ந்து போனேனா, தெரியாது. விளிம்பில் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். இருட்டு. கத்தினேன்: "உமா!"

கிணறு பதில் சொன்னது.

"இன்னாம்மா?"

நான் அலறியதில் உள்ளே இருந்த மனிதருக்குப் புரையேறிவிட்டது. கீழே நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. குரல் மட்டும் எப்போது வேண்டுமானாலும் காதில் கேட்கும்.

"பாப்பா எங்கே? குடை வச்சுக்கிட்டு ஒரு பாப்பா!"

"அதுவா? அது வண்டில போய்ட்ச்சும்மா. கல்லோட போச்சு."

"யார் கூட்டிட்டுப் போனா?"

"யாரும் கூட்டிக்கினு போவல. மண்ண ஏத்த வந்தாங்கோ. பாப்பா, கல்லத் தொடாதீங்கன்னு ஒரே அயுக. சரின்னு அடியோட மண்வெட்டியால வாரி, சட்டியில வச்சு வண்டில ஏத்துனாங்கோ. ஒடனே அதுவும் ஏறிக்கிச்சு. எறங்குன்னா எறங்கல. கல்லு போனா நானும் போவணும், எங்கம்மா சொல்லிகீதுன்னு சொல்லிச்சாம். நீதான் சொன்னியாமே?"

"நான்தான் சொன்னேன்" என்றேன், கிணற்றுக்குள்.

"உங்கம்மா எங்க போய்கீதுன்னு கேட்டதுக்கு, தாம்பரத்து சாருக்காண்டி போய்கீதுன்னுச்சு. வண்டியும் அந்தப் பக்கந்தான் போவுது. வயில பாத்துக்கலாம்னு கன்னிம்மா சொல்லிச்சு."

"வண்டி எங்கே போகுது?"

"முடிச்சூராண்ட. மொதலாளி மனை கீது, பள்ளம் ரொப்பறாங்கோ. ரோட்டோரமா, கோரைப்புல்லு மண்டிக்கினு கெடக்கும். நீ போம்மா, பயப்படாத. கன்னிம்மா நல்ல பொம்பள."

நல்ல பெண்தான். ஆனால் அது அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு மைலை நான் ஓடினேன். பஸ் கிடைத்தது. ஏறியதும் டிரைவர் பக்கத்தில் போய் நின்று, எதிரிலும் முன்னாலும் தெரிந்த ஒவ்வொரு டிராக்டரையும் குனிந்து பார்த்தேன். முதல் டிராக்டரில் செங்கல். அடுத்ததில் வைக்கோல். மூன்றாவதுக்கு, "சார், கொஞ்சம் நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அதில் எருமை.

"இன்னாம்மா, டிராக்டர் வாங்கப் போறியா?" என்று கேட்டார் கண்டக்டர். பஸ் சிரித்தது.

"என் பொண்ணு டிராக்டர்ல போயிட்டா சார். ஏழு வயசு. பச்சைப் பாவாடை."

சிரிப்பு நின்றது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யாரும்மா தூக்கிக்கினு போனது?"

"யாரும் இல்லை. நான்தான் காவலுக்கு வச்சேன்."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பி, "எல்லாரும் ரெண்டு பக்கமும் பாருங்கப்பா, பச்சைப் பாவாடை, டிராக்டர்!" என்றார். மண்ணிவாக்கம் வரையில் அந்த பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார்கள். "தோ டிராக்டர்!" "அது ரோடு ரோலர்யா!" "அந்தாண்ட பாரு!" பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்; முடிச்சூர் வரும்வரை விடவில்லை.

வழியில் எங்கும் அந்த டிராக்டர் இல்லை. மனையிலும் இல்லை. கோரைப்புல், தேங்கிய தண்ணீர், ஓர் ஓரத்தில் நட்ட கல். இரண்டு மணி. என் கணவர் வீட்டுக்கு வந்து ஷூ டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார்.

கஞ்சி குடிப்பதற்காக வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஒரு தோப்புக்குள் நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், எனக்கு முன்னாலேயே கிளம்பிய வண்டி இன்னும் வரவில்லை என்பதுதான். ரோட்டோரத்தில் நின்று தெய்வங்களிடம் பேரம் பேச ஆரம்பித்தேன். திருநீர்மலைப் பெருமாளிடம் மீனை விட்டுக்கொடுத்தேன். எங்கள் குலதெய்வத்திடம் பூச்சியின் இறக்கையை. ஸ்டீபன் சாரின் மாதாவிடம் பல்லை. பட்டியல் தீர்ந்துபோனது. உமா வரவில்லை. இதற்கு மேல் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தபோதுதான், என்னிடம் இருந்த ஒரே பெரிய பொருளை மண்மேட்டில் உட்கார வைத்துவிட்டு டீ குடித்தேன் என்பது முழுசாக உறைத்தது. அழுகைகூட வரவில்லை. பல் மட்டும் தந்தியடித்தது. நல்ல வெயில்.

மூன்றேகாலுக்கு டிராக்டர் வந்தது.

மண் குவியலின் மேல் ஐந்து பெண்கள். நடுவில் என் கறுப்புக் குடை. குடைக்குள் உமா, காலை மடக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, மடியோரத்தில் ஈரச்சாக்கு மூடிய இரும்புச் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டவில்லை. சட்டியை விட்டால்தானே ஆட்ட முடியும்?

"அம்மா! கல்லு போச்சும்மா, அதான் நானும்..." என்று ஆரம்பித்தாள். வண்டி நிற்குமுன் நான் ஏறிவிட்டேன். அவளைக் கட்டிப் பிடித்து, அப்படியே இழுத்து, கீழே இறக்கினேன். அவள் சட்டியை விடவில்லை. நான் அவளை விடவில்லை. சட்டி சாய்ந்தது. ஈரச்சாக்கோடு அது தார்ரோட்டில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

கேட்டது உமாவுக்குத்தான். அன்று முழுக்க அழாதவள் அப்போது அழுதாள்.

"இவ்ளோ நேரம் நல்லா இருந்துதும்மா!"

கன்னியம்மா இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா நீ? பெத்த புள்ளய யாராச்சும் கல்லுக்குக் காவல் வைப்பாங்களா? உன் பொண்ணு இன்னா பண்ணுச்சு தெரியுமா? குடிக்க வச்சிருந்த தண்ணிய பூரா அந்தச் சாக்கு மேல ஊத்திட்ச்சு. காஞ்சிட்டா வெடிச்சிடுமாம். அது வாய் காஞ்சு கெடக்குது, கல்லுக்குத் தண்ணி! நாங்க கஞ்சி குடுத்தோம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடும்மா" என்றார் அவர், கொஞ்சம் தணிந்து. "மொதல்ல மூஞ்சக் கயுவு. உன்னப் பாத்தா கொயந்த பயந்துக்கும்."

உமா ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் வைத்தாள். காம்பு தனி. நடுவில் மூன்று துண்டு. நுனி எங்கே விழுந்ததோ, கிடைக்கவே இல்லை. தொடக்கூடாது என்ற சட்டம் அப்போதும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்; பாவாடை நுனியால்தான் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

அப்போதுதான் ஒன்பது வருஷத்தின் கனம் என் தலையில் இறங்கியது. இனி ஸ்டீபன் சாருக்கு என்ன பதில் சொல்வேன்? வரதனாவது ஆசையில் உடைத்தான். நான் இரண்டையும் தொலைத்து, ஒன்றைக் கண்டெடுக்கும் அவசரத்தில் மற்றதை உடைத்திருக்கிறேன். வார்த்தைகளைத் தயார்செய்துகொண்டிருந்தபோதே படப்பைப் பக்கமிருந்து ஒரு மொபெட் புகைவிட்டுக்கொண்டு வந்தது.

ஸ்டீபன் சார்தான். பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன செய்தியைக் கேட்டு, சேலையூரிலிருந்து கிணறுவரை போய், உமா டிராக்டரில் போன விவரத்தைக் கிணற்றுக்குள் இருந்தவரிடம் கேட்டு, திரும்பி வந்திருக்கிறார். எப்போதும் இஸ்திரி கலையாத மனிதர். தலைமுதல் கால்வரை செம்மண். சட்டை முழங்கையில் கிழிந்திருந்தது. வழியில் இருந்த தோப்பு, வாய்க்கால் எல்லாவற்றிலும் இறங்கித் தேடியிருக்கிறார். வண்டியை ஸ்டாண்டு போடாமலேயே விட்டார். அது சாய்ந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக உமாவின் எதிரில் முழங்காலிட்டு, அவள் கை, கால், முகம் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையேம்மா?"

"ஒண்ணும் ஆகல சார்" என்றாள் உமா.

அவர் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தயார்செய்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. இலை உடைஞ்சுபோச்சு. நான்தான் உடைச்சேன்."

கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஒன்றும் விளங்காதவர்போல அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த இலை, சிஸ்டர்?"